அணு, அயனி, ஐசோடோப்பு: 35.5 என்ற எண்ணின் வரலாறு

தனிம வரிசை அட்டவணையில் 17ஆம் கட்டத்தில் இருப்பது குளோரின். அதன் அணு நிறை 35.5 என்று பள்ளிப் பாடநூல்கள் தருகின்றன. ஓர் அணுவின் நிறை, அதன் உட்கருவில் உள்ள புரோட்டான்கள், நியூட்ரான்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றும் அதே பாடநூல் சொல்கிறது. எண்ணிக்கை முழு எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் அந்த அரை எங்கிருந்து வந்தது? நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், இந்தப் பாடம் நடக்கும்போது "பாதி நியூட்ரான் இருக்குமா சார்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்பதுண்டு. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அது சிரிக்கத்தக்க கேள்வி அன்று. 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வேதியியலார் பலர் இதே அரையில் சிக்கி நின்றனர். அதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. விடை கிடைத்தபோது, "தனிமம் என்றால் என்ன?" என்ற அடிப்படைக் கேள்விக்கான விடையே மாறிவிட்டது. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பாடநூலின் வரிசையும் வரலாற்றின் வரிசையும்

முதலில் இன்றைய பாடத்தைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். அணுவின் மையத்தில் உட்கரு உள்ளது. அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமையற்ற நியூட்ரான்களும் உள்ளன. உட்கருவுக்கு வெளியே எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் வெவ்வேறு ஆற்றல் மட்டங்களில் அமைந்துள்ளன. எலக்ட்ரானின் நிறை மிகச் சிறியது. புரோட்டானின் நிறையில் 1,836இல் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும் உட்கருவில்தான் இருக்கிறது.

இந்த மூன்று துகள்களில் எதன் எண்ணிக்கை மாறுகிறது என்பதைக் கொண்டு விளைவு அமைகிறது.

புரோட்டான் எண்ணிக்கை மாறினால் தனிமமே மாறிவிடும். 11 புரோட்டான்கள் இருந்தால் அது சோடியம். 12 இருந்தால் மக்னீசியம். இந்த எண்ணிக்கையே அணு எண்.

எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினால் அணு அயனியாகும். 11 எலக்ட்ரான்கள் உள்ள சோடியம் அணு ஒன்றை இழந்தால் ஓரலகு நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனி கிடைக்கிறது. 17 எலக்ட்ரான்கள் உள்ள குளோரின் அணு ஒன்றை ஏற்றால் ஓரலகு எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனி கிடைக்கிறது.

நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் அதே தனிமத்தின் வேறொரு ஐசோடோப்பு கிடைக்கிறது. அணு எண் மாறாது. நிறை எண் மட்டும் மாறும்.

இதைப் படிக்கும் மாணவர், அறிவியலறிஞர்கள் முதலில் புரோட்டானையும் நியூட்ரானையும் எலக்ட்ரானையும் கண்டறிந்து, பின்னர் அவற்றைக் கொண்டு அயனியையும் ஐசோடோப்பையும் விளக்கியிருப்பார்கள் என்று எண்ணக்கூடும். நடந்தது நேர்மாறானது. அயனி என்ற சொல் 1834இல் தோன்றியது. எலக்ட்ரான் 1897இல்தான் கண்டறியப்பட்டது. ஐசோடோப்பு என்ற சொல் 1913இல் தோன்றியது. நியூட்ரான் 1932இல்தான் கண்டறியப்பட்டது. விளைவு முதலில் தெரிந்தது. அதற்குக் காரணமான துகள் பின்னால் வந்தது.

டால்டனின் எடையும் பிரௌட்டின் ஊகமும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ஜான் டால்டன், 1803இல் அணுக்களின் ஒப்பு எடைகளைக் கணக்கிடத் தொடங்கினார். 1808இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் அணுக்கொள்கையை விரிவாக விளக்கினார். ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் எடையிலும் பிற பண்புகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் எடையில் வேறுபடும் என்பது அக்கொள்கையின் அடித்தளம். அதாவது, எடையே அணுவின் அடையாளம்.

1815இல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட், தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்று அறியப்பட்டிருந்த பல அணு எடைகள் ஹைட்ரஜனின் எடையைப் போல முழு எண் மடங்காக இருப்பதாக அவர் சுட்டிக்காட்டினார். கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16 எனப் பல தனிமங்கள் முழு எண்களுக்கு மிக அருகில் நிற்பது தற்செயலா? எல்லா அணுக்களும் ஹைட்ரஜனால் ஆனவையாக இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு அவர் ஊகித்தார்.

இந்த அழகிய ஊகத்துக்குக் குறுக்கே நின்றது குளோரின். சுவீடன் நாட்டின் பெர்சிலியஸ் முதலியோர் நுட்பமாக அளந்தபோது, குளோரினின் அணு எடை 35க்கோ 36க்கோ வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றது. 1860 வாக்கில் பெல்ஜியத்தின் ழான் ஸ்டாஸ், அதுவரை எவரும் செய்யாத துல்லியத்துடன் இந்த எடைகளை அளந்தார். பிரௌட்டின் கருத்து சரியென்ற நம்பிக்கையுடனேயே அவர் ஆய்வைத் தொடங்கினார். ஆனால் தராசு வேறு விடை தந்தது. தம் நம்பிக்கையைக் கைவிட்டு, அந்தக் கருத்து வெறும் மாயை என்று அவர் முடிவு செய்தார்.

இங்கே யார் சரி, யார் தவறு? ஸ்டாஸின் அளவீட்டில் பிழை இல்லை. பிரௌட்டின் ஊகத்திலும் உண்மையின் பெரும்பகுதி இருந்தது. பிழை, இருவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட மூன்றாவது கருத்தில் இருந்தது. ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் ஒரே எடை கொண்டவை என்ற டால்டனின் கூற்றே அது. 1886இல் பர்மிங்காம் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் வில்லியம் குரூக்ஸ் இதை ஐயுற்றார். கால்சியத்தின் எடை 40 என்பது பெரும்பான்மை அணுக்களின் எடையாக இருக்கலாம்; அவற்றோடு 39, 41 எடையுள்ள சில அணுக்களும் கலந்திருக்கலாம் என்றார். அதை நிறுவும் சோதனை எதுவும் அன்று அவரிடம் இல்லை.

அயனி: எலக்ட்ரானுக்கு முன் வந்த பெயர்

இதற்கிடையே மின்சாரத்தைப் பற்றிய ஆய்வு வேறொரு பாதையில் சென்றது. உப்புக் கரைசல்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, கரைசலில் ஏதோ ஒன்று மின்முனைகளை நோக்கி நகர்வதைக் கண்டார். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுடன் கலந்து, நகர்வது என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து அயனி என்ற பெயரை 1834இல் வழங்கினார். எதிர்மின்முனைக்குச் செல்வது கேட்டயான், நேர்மின்முனைக்குச் செல்வது ஆனயான் என்ற பெயர்களும் அப்போது வந்தவையே. நகர்வது எது என்பது மட்டும் தெரியவில்லை.

மின்சாரம் செலுத்துவதால்தான் அயனிகள் உருவாகின்றன என்று அன்று கருதினர். சுவீடன் நாட்டு இளைஞர் ஸ்வாண்டே அர்ரீனியஸ், 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் புதிய கருத்தை முன்வைத்தார். மின்சாரம் செலுத்தாவிட்டாலும், உப்பு நீரில் கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்றார். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்கள் மிகக் குறைந்த தரமே வழங்கினர். சோடியத்தை நீரில் போட்டால் சீறிப் பாய்ந்து தீப்பிடிக்கும். குளோரின் நச்சு வாயு. உப்பு நீரில் அவை இரண்டும் தனித்தனியாக இருந்தால், அந்த நீரை நாம் எப்படி வாயில் வைக்க முடியும்? எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானதே.

அணுவும் அயனியும் பண்பில் வேறானவை என்பதே விடை. உப்பு நீரில் இருப்பது சோடியம் உலோகமன்று. எலக்ட்ரான் ஒன்றை இழந்து நிலைத்தன்மை பெற்ற சோடியம் அயனி. அர்ரீனியஸுக்கு 1903இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இழக்கப்படுவதும் ஏற்கப்படுவதும் எது என்பதை, 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகே தெளிவாகச் சொல்ல முடிந்தது.

உட்கருவும் கட்டத்தின் எண்ணும்

எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது, அணுவோ மின்சுமையற்றது. ஆகவே அணுவில் எங்கோ நேர்மின்சுமை இருந்தாக வேண்டும். மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், 1909இல் கெய்கரும் மார்ஸ்டெனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை நேராகச் சென்றன. பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் வந்த திசையை நோக்கியே திரும்பியது. 1911இல் ரூதர்ஃபோர்டு இதற்கு விளக்கம் தந்தார். அணுவின் நேர்மின்சுமையும் ஏறக்குறைய முழு நிறையும் மையத்தில் மிகச் சிறிய இடத்தில் குவிந்துள்ளன. அதுவே உட்கரு.

அந்த உட்கருவின் மின்சுமை எவ்வளவு? வழக்குரைஞராகப் பயிற்சி பெற்ற டச்சுக்காரரான வான் டென் புரோக், 1913இல் ஒரு கருத்தைச் சொன்னார். தனிம வரிசை அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ அந்த எண்ணே அதன் உட்கருவின் மின்சுமை என்றார். அதைச் சோதனையால் நிறுவியவர் ஹென்றி மோஸ்லி.

மோஸ்லி 1913, 1914ஆம் ஆண்டுகளில் மான்செஸ்டரிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் பல தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அக்கதிர்களின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம், ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குச் செல்லும்போது ஒரே அளவில், படிக்கட்டு ஏறுவதுபோல உயர்ந்தது. எடைகள் ஒழுங்கின்றி ஏறின. இந்த எண் மட்டும் ஒவ்வொன்றாக ஏறியது. அதுவே அணு எண்.

இதனால் மெண்டெலீவ் காலத்துச் சிக்கல் ஒன்றும் தீர்ந்தது. எடைப்படி அடுக்கினால் நிக்கல் (58.7) முன்னும் கோபால்ட்டு (58.9) பின்னும் வர வேண்டும், பண்புகளோ மாற்றி வைக்கச் சொல்லின. டெல்லூரியம், அயோடின் ஆகியவற்றிலும் இதே முரண்பாடு இருந்தது. கோபால்ட்டின் எண் 27, நிக்கலின் எண் 28 என மோஸ்லியின் அளவீடு காட்டியது. பண்புகளை நம்பி வைத்த வரிசையே சரி என்றாயிற்று. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் அவர் காட்டினார். அந்த இடங்களை ரீனியம் (75) 1925இலும், டெக்னீசியம் (43) 1937இலும், புரோமித்தியம் (61) 1945இலும் நிரப்பின.

அவற்றைக் காண மோஸ்லி உயிரோடு இல்லை. முதல் உலகப்போரில் தாமாகவே படையில் சேர்ந்த அவர், 1915 ஆகஸ்டு 10 அன்று துருக்கியின் கலிப்பொலியில் நடந்த போரில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 27.

ஒரே இடத்தில் பல அணுக்கள்

அணு எண் பிறந்த அதே ஆண்டில் ஐசோடோப்பும் பிறந்தது. அது கதிரியக்க ஆய்விலிருந்து வந்தது.

1896இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்த பிறகு, யுரேனியமும் தோரியமும் சிதைந்து புதிய புதிய பொருள்களாக மாறுவது தெரியவந்தது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அத்தகைய பொருள்கள் முப்பதுக்கும் மேல் இருந்தன. ஆனால் அட்டவணையில் ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையே அவற்றை வைக்கப் பத்துக்குச் சற்று மேற்பட்ட இடங்களே இருந்தன. மேலும், அவற்றுள் சிலவற்றை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எந்த வேதியியல் முறையாலும் பிரிக்க முடியவில்லை.

அங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசிக்கு, ஈயத்தோடு கலந்திருந்த ரேடியம் டி என்ற பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையை 1911இல் ரூதர்ஃபோர்டு கொடுத்தார். ஹெவெசி எவ்வளவு முயன்றும் முடியவில்லை. ரேடியம் டி என்பது ஈயத்தின் ஓர் ஐசோடோப்பே என்பதால், அது முடியக்கூடிய வேலையும் அன்று. ஆனால் ஹெவெசி தோல்வியையே கருவியாக்கினார். பிரிக்க முடியாது என்றால், ஈயத்தோடு அதைச் சிறிது சேர்த்துவிட்டு, அதன் கதிரியக்கத்தை வைத்து ஈயம் எங்கெல்லாம் செல்கிறது என்று தடம் பார்க்கலாம் அல்லவா? 1913இல் வியன்னாவில் பானெத்துடன் சேர்ந்து இந்த முறையைப் பயன்படுத்தினார். 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. இன்று தைராய்டு நோய்க்கு அயோடின்-131 கொடுப்பதும் இதே அடிப்படையில்தான். சாதாரண அயோடினையும் அதையும் உடல் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இரண்டையும் தைராய்டு சுரப்பி ஒன்றுபோலவே ஈர்த்துக்கொள்கிறது.

பிரிக்க முடியாமைக்குக் காரணம் சொன்னவர் கிளாஸ்கோவில் பணியாற்றிய ஃபிரெடெரிக் சாடி. ஆல்ஃபா துகளை வெளியிடும் அணு அட்டவணையில் இரண்டு இடம் பின்னால் செல்கிறது. பீட்டா துகளை வெளியிடும் அணு ஓரிடம் முன்னால் செல்கிறது. சாடியும் ஜெர்மனியில் பணியாற்றிய ஃபாயன்ஸும் 1913இல் இந்த விதியை வகுத்தனர். இதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். யுரேனியம்-238 (அணு எண் 92) ஓர் ஆல்ஃபா துகளை இழந்து 90ஆம் இடத்துக்கு வந்து தோரியம்-234 ஆகிறது. பின்னர் ஒரு பீட்டா துகளை வெளியிட்டு 91ஆம் இடத்துக்கும், இன்னொன்றை வெளியிட்டு மீண்டும் 92ஆம் இடத்துக்கும் வருகிறது. இரண்டு படி இறங்கி இரண்டு படி ஏறினால் புறப்பட்ட இடமே. ஆனால் எடையில் 4 குறைந்துவிட்டது. இப்போது அது யுரேனியம்-234. இடம் ஒன்று; எடை வேறு.

அட்டவணையில் ஒரே இடத்தில் அமரும் இத்தகைய அணுக்களுக்கு ஐசோடோப்பு என்ற பெயரைச் சாடி 1913 டிசம்பரில் வெளியிட்டார். ஒரே இடம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஒரு விருந்தின்போது, மருத்துவரும் நாவலாசிரியருமான மார்கரெட் டாட் என்ற அம்மையார் இப்பெயரைச் சாடிக்குப் பரிந்துரைத்தார் என்று சொல்லப்படுகிறது.

இலங்கைத் தோரைட்டும் ஈயத்தின் எடையும்

சாடியின் கருத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. யுரேனியம்-238 தொடர்ந்து சிதையும்போது 8 ஆல்ஃபா துகள்களை இழந்து ஈயமாக முடிகிறது. ஒவ்வொன்றின் நிறையும் 4; ஆகவே மிஞ்சும் ஈயத்தின் நிறை 238 − 32 = 206. தோரியம்-232 இழப்பது 6 ஆல்ஃபா துகள்கள்; ஆகவே அதிலிருந்து வரும் ஈயத்தின் நிறை 232 − 24 = 208. சாதாரண ஈயத்தின் அணு எடையோ 207.2. சாடி சொல்வது உண்மையானால், யுரேனியக் கனிமத்தில் கிடைக்கும் ஈயம் எடை குறைந்தும், தோரியக் கனிமத்தில் கிடைக்கும் ஈயம் எடை கூடியும் இருக்க வேண்டும்.

தோரியக் கனிமம் இலங்கையிலிருந்து கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்தவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசாமி. அக்காலத்திலேயே இலங்கை மண்ணின் தோரியக் கனிமங்கள் அறிவியல் உலகின் கவனத்தைப் பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்றான தோரைட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்து, சாடியும் அவருடன் பணியாற்றிய ஹைமனும் 1914இல் அதன் எடையை அளந்தனர். அது சாதாரண ஈயத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது.

அதே ஆண்டில், அணு எடை அளவீட்டில் உலகப் புகழ்பெற்றிருந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தியோடர் ரிச்சர்ட்ஸ், யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை அளந்தார். அது சாதாரண ஈயத்தைவிடக் குறைவாக இருந்தது. தூய ஈயம் இரண்டும். எல்லா வேதிவினைகளிலும் ஒன்றுபோல நடந்துகொள்பவை. எடை மட்டும் வேறு. எடையே அணுவின் அடையாளம் என்ற நூறாண்டுக் கருத்து அத்துடன் முடிவுக்கு வந்தது. ஸ்டாஸின் வழியில் வாழ்நாள் முழுவதும் எடைகளை மேன்மேலும் துல்லியமாக அளந்த ரிச்சர்ட்ஸே, எடை ஒரு தனிமத்தின் மாறாத அடையாளம் அன்று என்பதற்குச் சான்று தந்தார்.

ஆஸ்டன் கண்ட இரண்டு கோடுகள்

ஆயினும் இவையெல்லாம் கதிரியக்கத்தோடு தொடர்புடைய தனிமங்கள். குளோரின் போன்ற சாதாரணத் தனிமங்களிலும் ஐசோடோப்புகள் உண்டா? இங்கேதான் அயனியின் கதையும் ஐசோடோப்பின் கதையும் சந்திக்கின்றன.

மின்சுமையற்ற அணுவை மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ வளைக்க முடியாது. அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கி நேர் அயனியாக்கிவிட்டால் வளைக்கலாம். ஒரே வேகத்தில் வரும் இரு அயனிகளில் கனமானது குறைவாகவும், இலேசானது அதிகமாகவும் வளையும். காற்று வீசும்போது நெல் ஒரு பக்கமும் பதர் சற்றுத் தள்ளியும் விழுவதுபோல, எடை வாரியாக அயனிகள் பிரிந்து விழும். இந்த வழியில் 1912இல் நியான் வாயுவை ஆராய்ந்த ஜே. ஜே. தாம்சன், 20 என்ற நிறைக்குரிய தடத்தோடு 22க்கு உரிய மங்கலான தடம் ஒன்றையும் கண்டார். நியானின் அணு எடை 20.2.

தாம்சனிடம் பணியாற்றிய ஃபிரான்சிஸ் ஆஸ்டன், போர்க்கால இடைவெளிக்குப் பின் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, 1919இல் நிறை நிறமாலை வரைவி என்ற கருவியை அமைத்தார். அயனிகள் ஒளிப்படத் தகட்டில் விழுந்து, நிறைக்கு ஏற்ற இடத்தில் கோடாகப் பதியும். குளோரினைச் செலுத்தியபோது 35இல் ஒரு கோடும் 37இல் ஒரு கோடும் பதிந்தன. அவற்றோடு ஹைட்ரஜன் ஓரணு சேர்ந்த ஹைட்ரஜன் குளோரைடின் கோடுகள் 36இலும் 38இலும் தெரிந்தன. 35.5இல் எதுவுமே இல்லை.

35.5 எடையுள்ள குளோரின் அணு உலகில் ஒன்றுகூட இல்லை. இயற்கையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அணுக்கள் குளோரின்-35. ஒரு பங்கு குளோரின்-37. கணக்கு இதோ: (35 × 75 + 37 × 25) ÷ 100 = 35.5. ஸ்டாஸின் தராசு அளந்தது சராசரியை. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக இரண்டரைக் குழந்தைகள் என்று கணக்கெடுப்பு சொன்னால், எந்த வீட்டிலும் அரைக் குழந்தை இருப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

தொடர்ந்து ஆராய்ந்த ஆஸ்டன், இயற்கையில் உள்ள ஐசோடோப்புகளில் 212ஐக் கண்டறிந்தார். சாடிக்கு 1921ஆம் ஆண்டுக்கும், ஆஸ்டனுக்கு 1922ஆம் ஆண்டுக்கும் உரிய வேதியியல் நோபல் பரிசுகள் வழங்கப்பட்டன.

கடைசியாக வந்த நியூட்ரான்

தனித்தனி அணுக்களின் நிறைகள் முழு எண்களுக்கு மிக அருகில் இருப்பதை ஆஸ்டன் காட்டியதும், பிரௌட்டின் ஊகம் நூறாண்டுகளுக்குப் பின் மதிப்புப் பெற்றது. ஹைட்ரஜன் உட்கருவுக்கு 1920இல் புரோட்டான் என்ற பெயர் வந்தபோது, முதல் என்ற கிரேக்கப் பொருளோடு பிரௌட்டின் பெயரும் நினைக்கப்பட்டது.

ஆனால் ஒரு சிக்கல் மீதமிருந்தது. குளோரின்-35இன் நிறைக்கு 35 புரோட்டான்கள் தேவை. மின்சுமையோ 17 மட்டுமே. உட்கருவுக்குள்ளேயே 18 எலக்ட்ரான்கள் இருந்து மிகுதி மின்சுமையை ஈடு செய்வதாக அன்று கருதினர். புரோட்டான் அளவு நிறையும் சுழி மின்சுமையும் உடைய துகள் ஒன்று இருக்கலாம் என்று 1920இல் ரூதர்ஃபோர்டு ஊகித்தார். அவருடைய மாணவரான ஜேம்ஸ் சாட்விக் 1932இல் அதைக் கண்டறிந்தார். பெரிலியத்தின் மீது ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது வெளிவந்த கதிர், மெழுகிலிருந்து புரோட்டான்களை விசையுடன் வெளியேற்றியது. மின்சுமையற்ற கனமான துகளால் மட்டுமே அது இயலும் என்று அவர் நிறுவினார். 1935இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் பின்னரே இன்றைய பாடம் முழுமை பெற்றது. குளோரின்-35இல் 17 புரோட்டான்கள், 18 நியூட்ரான்கள். குளோரின்-37இல் 17 புரோட்டான்கள், 20 நியூட்ரான்கள். வேதிப்பண்புகளைத் தீர்மானிக்கும் எலக்ட்ரான்கள் இரண்டிலும் 17. ஆகவே இரண்டும் ஒரே தனிமம்.

தமிழில் இச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஐசோடோப்பு என்ற ஒலிபெயர்ப்பே வழக்கில் உள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் ஓரிடத்தான் என்ற சொல்லும் உண்டு. ஓரிடம் என்பது அட்டவணையில் ஒரே இடம் என்பதையே குறிப்பதால், சாடியின் கருத்து அச்சொல்லில் அப்படியே இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சமதானி என்பர். அங்கு தனிமம் மூலகம் எனவும், எலக்ட்ரான் இலத்திரன் எனவும், அயனி அயன் எனவும் வழங்கும். இணையத்தில் இருநாட்டுக் கட்டுரைகளையும் படிக்கும் மாணவர்கள் இவை ஒரே பொருளுடையவை என்பதை அறிந்திருத்தல் நன்று.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

நிறை எண்ணும் அணு நிறையும் ஒன்றல்ல. நிறை எண் என்பது ஒரு குறிப்பிட்ட அணுவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை. அது எப்போதும் முழு எண். அட்டவணையில் தரப்படும் அணு நிறை, இயற்கையில் உள்ள ஐசோடோப்புகளின் சராசரி. அது பின்னமாக இருக்கலாம். 1961 முதல் கார்பன்-12இன் நிறையைச் சரியாக 12 எனக் கொண்டு பிற நிறைகள் ஒப்பிடப்படுகின்றன.

அயனியாகும்போது உட்கரு மாறுவதில்லை. நேர்மின்சுமை வந்துவிட்டதால் ஒரு புரோட்டான் கூடிவிட்டது என்று விடைத்தாளில் எழுதுவோர் உண்டு. அது தவறு. எலக்ட்ரான் ஒன்று குறைந்ததால் புரோட்டான்களின் மின்சுமை மிகுந்து தெரிகிறது, அவ்வளவே.

ஐசோடோப்புகள் வேதிப்பண்புகளில் ஒத்தவை. இயற்பியல் பண்புகளில் வேறுபடலாம். இந்த வேறுபாடு ஹைட்ரஜனில் மிகுதி. ஹரால்டு யூரி 1931இல் கண்டறிந்த டியூட்டிரியம், சாதாரண ஹைட்ரஜனைப்போல இருமடங்கு நிறை கொண்டது. அதனால் ஆன கனநீரின் பனிக்கட்டி சாதாரண நீரில் மிதக்காது, மூழ்கும்.

ஐசோடோப்புகள் அனைத்தும் கதிரியக்கம் உடையவை அல்ல. குளோரின்-35, குளோரின்-37 இரண்டும் நிலையானவை. நாம் உண்ணும் உப்பில் இரண்டும் உள்ளன.

முடிவாக ஒரு செய்தி. ஈயத்தின் திட்ட அணு நிறையை ஒரே எண்ணாகத் தருவதைப் பன்னாட்டு வேதியியல் அமைப்பு நிறுத்திவிட்டது. 2020ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி அது 206.14 முதல் 207.94 வரையிலான ஓர் இடைவெளி. எந்த மண்ணில் எடுத்த ஈயம் என்பதைப் பொறுத்து அதன் எடை அமையும். குளோரினுக்கும் 35.446 முதல் 35.457 வரை என்ற இடைவெளியே இன்று தரப்படுகிறது. மாறாதது என்று டால்டன் நம்பிய எடை இடத்துக்கு இடம் மாறுகிறது. கட்டத்தின் எண்கள் 82, 17 ஆகியவை மட்டும் மாறவில்லை. பாதி நியூட்ரான் உண்டா என்று கேட்கும் மாணவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் ஸ்டாஸ் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறார்.